கப்பல் போன வீட்டில் விருந்து

கொச்சி நேவல் பேஸைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏப்ரலும் மேயும் விருந்தாளிகளின் மாதங்கள். பள்ளிக்கூடம் அடைத்ததும் தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து உறவுகள் பாலருவி எக்ஸ்பிரஸில் செங்கோட்டை, புனலூர் வழியாக வந்து இறங்குவார்கள். சென்னை உறவுகள் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வருவார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவது, கேட்டில் பாஸ் எழுதுவது, பாய் விரிப்பது, மறுநாள் மட்டாஞ்சேரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. வீட்டுக்காரர் பல சமயம் செயிலிங்கில் இருப்பார்.

இதே வேலையை ஜப்பானின் யோகோசுகாவில் அமெரிக்கக் கடற்படையினரின் மனைவியர் அரை நூற்றாண்டாகச் செய்து வருகிறார்கள். டோக்கியோ விரிகுடாவின் வாயிலில் உள்ள ஊர் அது. அமெரிக்காவின் ஏழாம் கடற்படைப் பிரிவுக்குத் தலைமையிடம். 1973 அக்டோபரில் மிட்வே என்ற விமானம் தாங்கிக் கப்பல் யோகோசுகாவையே சொந்தத் துறைமுகமாகக் கொண்டு வந்து சேர்ந்தது. மாலுமிகளின் மனைவி மக்களும் கூடவே வந்து குடியேறினார்கள். அன்று முதல் ஒரு கப்பல் போனால் இன்னொன்று வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. 2015 வரை இருந்த ஜார்ஜ் வாஷிங்டன், இடையில் ரொனால்ட் ரீகனுக்கு இடம் விட்டு, 2024 நவம்பரில் திரும்பவும் வந்திருக்கிறது.

கொச்சியின் கடற்படை வாழ்க்கைக்கும் வயது குறைவில்லை. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் காயலைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கொட்டி எழுப்பிய வில்லிங்டன் தீவிலும் அதை ஒட்டியும்தான் தெற்குக் கடற்படைத் தலைமையகம், வெண்டுருத்தித் தளம், 1953-ல் தொடங்கிய கருடா விமானதளம் எல்லாம் இருக்கின்றன. இது பயிற்சிக்கான தலைமையகம். தீர், சுஜாதா, சர்துல் போன்ற பயிற்சிக் கப்பல்கள் இளம் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். திரும்ப வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்களும் ஆகும்.

இரண்டு ஊர்களின் சம்பளத்தையும் படிகளையும் நான் ஒப்பிடப் போவதில்லை. அவை ஒரு தராசில் நிற்கக்கூடியவை அல்ல. நான் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புவது இரண்டு பெண்களை. இருவரும் தாங்கள் தேர்ந்தெடுக்காத ஊரில், போஸ்டிங் உத்தரவு வந்த ஊரில் வாழ்கிறார்கள். இருவருடைய வீட்டுக்கும் போகும் வழியில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார். கணவன் கடலில் இருக்கும்போது இருவருமே விருந்தாளிகளைத் தனியாக ஏற்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் மாதரி கொடுத்த வீட்டில் கண்ணகி கோவலனிடம் தன் குறையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. நீ பிரிந்திருந்த காலத்தில் அறம் செய்வதையும் விருந்தினரை எதிர்கொள்வதையும் இழந்தேன் என்கிறாள். கணவன் இல்லாத வீட்டில் மனைவி தனியாக விருந்து ஏற்பது வழக்கமில்லை என்ற உலகம் அது. இன்றைய கடற்படை மனைவியின் நிலை இதற்கு நேர்மாறு. கணவன் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அவளால் ஒரு விருந்தையும் தவிர்க்க முடியாது. தனியாக இருக்கிறாளே, போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பி வருகிறவர்களே அதிகம். கண்ணகிக்கு மறுக்கப்பட்ட உரிமை இவளுக்குக் கடமையாக வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் பற்றித் தமிழில் யாரும் உட்கார்ந்து எழுதியதாகத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வருகிறவர்கள் வாசலிலேயே கேட்கும் கேள்வி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். "மாப்பிள்ளை எப்பம்மா வருவாரு?" என்று இங்கே கேட்பதை அங்கே ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். கப்பல் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் கரை சேரும் என்பதை வெளியே சொல்லக் கூடாது; போனிலும் வாட்ஸப்பிலும் எழுதக் கூடாது. இந்தியக் கடற்படைக்கும் அமெரிக்கக் கடற்படைக்கும் இந்த விதி பொது. தேதி தெரிந்திருந்தாலும் அது மாறிக்கொண்டே இருக்கும். யோகோசுகாவில் இதனால் வரும் சிக்கல் பெரியது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வருவதென்றாலே பதினோரு மணி நேரத்துக்கு மேல் விமானப் பயணம். மாதக்கணக்கில் பணம் சேர்த்து, லீவு போட்டு, டிக்கெட் எடுத்து மகனைப் பார்க்க வரும் பெற்றோர் தரையிறங்கும் வாரத்தில் மகனுடைய கப்பல் புறப்பட்டுப் போயிருக்கலாம். அப்போது மாமியாருக்கும் மாமனாருக்கும் ஜப்பானைக் காட்டுவது மருமகளின் வேலையாகிவிடும். கொச்சியில் கப்பல் தவறினால் நெல்லைக்காரர்கள் அடுத்த மாதம் திரும்பி வரலாம், ஒரு ராத்திரி ரயில்தானே. தூரம் குறைவாக இருப்பது விருந்தாளிக்கு வசதி. வீட்டுக்காரிக்கு அது வசதியா என்பதுதான் கேள்வி.

கேட்டில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யோகோசுகாவில் விருந்தாளி பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்று உடன் வர வேண்டும். சில நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மாலுமிகளின் மனைவி மக்கள் ஜப்பானில் இருப்பது 1960-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட படைநிலை ஒப்பந்தத்தின் கீழ். அவர்களைப் பார்க்க வரும் தாய் தகப்பனோ சாதாரணச் சுற்றுலாப் பயணிகள், 90 நாள் கணக்கில் வந்து போகிறவர்கள். கொச்சியில் ஆதார் போதும். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா மகனையோ, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சம்பந்தி வீட்டாரையோ அப்படி உள்ளே கூட்டிப்போக முடியாது. ரத்த உறவுதானே என்று அவர்கள் கேட்கும்போது வாசலில் நின்று பதில் சொல்லும் சங்கடம் அவளுக்கு.

பயண மூட்டையிலும் வித்தியாசம் உண்டு. ஜப்பானுக்கு வருகிறவர்களிடம் எதைக் கொண்டு வரக் கூடாது என்று முதலில் எழுதி அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் மருத்துவர் எழுதித் தரும் ஆடரால் போன்ற மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுவருவது குற்றம். சளிக்குப் போடும் சில மாத்திரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. உலர்ந்த இறைச்சியை விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கொச்சிக்கு வரும் மூட்டையில் முறுக்கும் எள்ளுருண்டையும் இட்லி அரிசியும் வத்தலும் இருக்கும். விருந்தாளி வீட்டுச் சமையலறைக்கே சாமான் கொண்டு வருகிற வழக்கம் நம்முடையது. அடுத்த இரண்டு மாத மளிகைச் செலவில் அது கண்ணுக்குத் தெரியும் அளவு மிச்சம் பிடித்துத் தரும்.

திரும்பிப் போகும் மூட்டைதான் தகராறு. கேன்டீன் சாமானுக்காகச் சொந்தக்காரர்கள் கொடுக்கும் பட்டியல் படைவீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மிக்சி, ஷாம்பு, பெட்டி, சிலருக்கு ரம் பாட்டில். கேன்டீன் கார்டுக்கு மாத வரம்பு இருக்கிறது, உரிமை இல்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது விதிக்குப் புறம்பு. யோகோசுகாவில் தளத்துக் கடைகளான கமிசரிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இதே விதிதான். வரி நீக்கிய சாமான் உரிமை இல்லாதவர் கைக்குப் போகக் கூடாது என்பதில் அங்கே இன்னும் கண்டிப்பு. ஆனால் அமெரிக்க விருந்தாளிக்கு அந்தச் சாமான்கள் தன் ஊர்க் கடையிலேயே கிடைப்பவை. அவர் கேட்பதில்லை. நம்மூர் மனைவிக்கு இது உறவை வைத்துக்கொள்வதா விதியைக் காப்பதா என்ற சிக்கலாக ஒவ்வொரு வருகையிலும் வந்து நிற்கிறது.

யோகோசுகாவுக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு அங்குள்ள குடும்ப நல மையம் ஒரு வாரம் ஊரைப் பற்றி வகுப்பு எடுக்கிறது. ஜப்பானிய வழக்கங்கள், சில அடிப்படைச் சொற்கள் எல்லாம் அதில் அடக்கம், ரயிலில் ஏறி இறங்கிப் பழக ஒரு நாள் பயணமும் உண்டு. ஆறு மாதம் கழித்து அவள் தாயார் வந்து இறங்கும்போது கெய்க்யூ ரயிலில் எப்படி மாறுவது என்று அவளுக்குக் கைவந்திருக்கும். கொச்சியில் அந்த அறிவு பெரும்பாலும் பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறது. மீன்காரரிடம் பேசும் மலையாளமும், எந்த நாளில் எது பூட்டியிருக்கும் என்ற கணக்கும் மூத்த பெண்கள் சொல்லிக் கொடுப்பவை. சொந்த நாட்டுக்குள்தானே இருக்கிறாள், பாலக்காடு தாண்டினால் நம் ஊர்தானே என்று நாம் நினைப்பதால் அவளும் அங்கே வேற்று ஊர்க்காரி என்பது யாருக்கும் உறைப்பதில்லை. பேச்சு விளங்குவது போல இருக்கும், வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் மலையாள எழுத்தில் ஒரு வரியும் விளங்காது.

மட்டாஞ்சேரிக்கு வருவோம். விருந்தாளி நாள் என்றால் அங்கே போகாமல் முடியாது. தீவிலிருந்து தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் போதும். இப்போது மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ படகும் இருக்கிறது. பாட்டிமார்களுக்கு ஏறி இறங்கச் சிரமமில்லாத படகு. அனுபவமுள்ள கடற்படை மனைவி முதலில் பார்ப்பது கிழமையை. வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை மூடியிருக்கும். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், ஜெப ஆலயம் திறக்காது. வெள்ளி ராத்திரி ரயிலேறிச் சனி காலை வந்து ஞாயிறு மாலை திரும்பும் சென்னை விருந்தாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே இரண்டையும் பார்க்கும் நாள். அதை மனதில் வைத்தே சனிக்கிழமைச் சமையலை அவள் கனமாகத் திட்டமிடுவாள்.

அரண்மனை 1555-வாக்கில் போர்த்துகீசியர்கள் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தது. 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பேர் விழுந்தது. உள்ளே பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். தசரதன் வேள்வியில் தொடங்கும் அந்தச் சுவரோவியங்களின் முன்னால் நம் ஊர்ப் பாட்டிகள் வழிகாட்டி இல்லாமலே கதையைப் படித்துவிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் கால் மணி நேரம் வீட்டுக்காரிக்கு ஓய்வு. வளாகத்துக்குள்ளேயே பழையன்னூர் பகவதி கோயிலும் இருப்பதால் சாமி கும்பிடாமல் திரும்பினோமே என்ற குறையும் இல்லை.

நாலெட்டு நடந்தால் யூதத் தெரு. 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம், 1760-ல் எழுந்த மணிக்கூண்டு, தரையில் கையால் நீலம் தீட்டிய சீன ஓடுகள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் இன்னொரு காரியம் இருக்கிறது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு இந்தச் சமூகத்தாரின் பெருஞ்செல்வம். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்த ஆவணம் அது. மட்டாஞ்சேரி முழுக்கவே இப்படி வந்து சேர்ந்தவர்களால் ஆனது. கோவாவிலிருந்து போர்த்துகீசியருக்கு அஞ்சி வந்த கொங்கணியர் சேர்லாயில் திருமலை தேவசம் கோயிலைச் சுற்றி இருக்கிறார்கள். குஜராத்தித் தெருவில் சமணக் கோயிலும் புறாக்களும். கட்ச்சிலிருந்து வந்த மேமன்கள். அசைவம் சாப்பிடுகிற விருந்தாளியை நியூ ரோட்டில் காயீஸ் பிரியாணிக்குக் கூட்டிப்போனால் அன்றைக்கு மத்தியானம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாம்.

நான் பார்க்கச் சொல்வது இன்னொரு இடம். சுற்றுலா வழியில் பலர் விட்டுவிடுவது. ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானத்துக்குப் பக்கம் தோபி கானா இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த வண்ணார் சமூகத்தார் நடத்தும் சலவைக்களம். டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் சீருடை வெளுக்கத் தங்கள் முன்னோரைக் கூட்டி வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், கொடியில் ஓட்டல் விரிப்புகள் வரிசையாகக் காய்கின்றன. கொச்சியில் ஒரு படையின் வேலைக்காக வந்த முதல் தமிழ்க் குடும்பங்களில் இவர்களை வைக்க வேண்டும். நேவல் பேஸ் பெண் தன் உறவினரை இங்கே கூட்டி வந்தால், கொச்சியில் தான் தனியாள் இல்லை என்பதை அவர்களுக்கு ஒரு சொல்லும் பேசாமல் காட்டிவிடலாம்.

யோகோசுகாப் பெண் தன் விருந்தாளிகளுக்குக் காட்டுவது வேறு மாதிரியான வரலாறு. 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி இறங்கிய குரிஹாமா இன்றைய யோகோசுகா நகரின் எல்லைக்குள் இருக்கிறது. அவள் நாட்டின் கப்பல்கள் வந்து ஜப்பானின் கதவைத் தட்டிய இடம். 1905-ல் சுஷிமா கடற்போரில் தளபதி டோகோ நின்ற மிகாசா போர்க்கப்பல் ஊர்ப் பூங்காவில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. ரயிலேறிக் கொஞ்ச தூரம் போனால் காமகுராவின் வெண்கலப் புத்தர். மாலையில் டோபுய்தா தெருவில் பூவேலை செய்த ஜாக்கெட்டுகள். மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் அவளுக்கும் மட்டாஞ்சேரிக்கும் ஒரு தொடர்பு வந்துவிடுகிறது. யோகோசுகாவின் பேர்போன உணவு கடற்படைக் கறி. இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் கடற்படைக்குப் போய், அங்கிருந்து ஜப்பானியக் கடற்படைச் சமையலுக்குப் போனது. 1908-ன் கடற்படைச் சமையல் நூலை வைத்து இன்றும் செய்கிறார்கள். சோறு, கறி, சாலட், ஒரு டம்ளர் பால். 1999-ல் ஊரே தன்னைக் கறி நகரம் என்று அறிவித்துக்கொண்டது. மிளகு ஏற்றிய கடற்கரையிலிருந்து இந்த உணவுக்கு அடிப்படையான வாசனைகள் புறப்பட்டன என்பதை யோகோசுகாவில் சாப்பிடும் அமெரிக்க மாமியார் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

தங்குவதில்தான் இரண்டு ஊரும் நன்றாகப் பிரிகின்றன. அமெரிக்க விருந்தாளி வரும் தேதியும் போகும் தேதியும் டிக்கெட்டில் இருக்கும். டோக்கியோவில் படையினருக்கென்று 1983 முதல் நடக்கும் நியூ சானோ ஓட்டலில் இரண்டு நாள், தளத்தின் விடுதியில் சில நாள் என்று பிரித்துக்கொள்வார்கள். தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது அவர்கள் பழக்கம். ஓட்டலில் தங்கினால் மகள் கோபித்துக்கொள்வாள் என்ற எண்ணமே அவர்களுக்கு எழாது. கொச்சியில் பெரியம்மா ஓட்டலில் தங்கினால் அது குடும்பத்தில் பத்து வருடம் பேசப்படும். இரண்டு அறை குவார்ட்டர்ஸில் ஏழு பேர் படுப்பார்கள். போகும் தேதியை விருந்தாளியும் சொல்ல மாட்டார், அவளும் கேட்க மாட்டாள். காலை ஐந்தரைக்கு எழுந்து குழந்தையைக் கேந்திரிய வித்யாலயாவுக்குக் கிளப்பி, ஏழு பேருக்கு இட்லி வைத்து, மத்தியானம் படகுத்துறையில் வரிசையில் நிற்கிறவள் அன்று ராத்திரி கணவனின் போன் வருமா என்று காத்திருக்கிறாள். இந்த உழைப்பைக் கடற்படையும் கணக்கில் எடுப்பதில்லை, வந்தவர்களும் எடுப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். யோகோசுகாவில் விருந்தாளிகள் ஊர் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவார்கள். அதற்குப் பிறகு கப்பல் கடலில் இருக்கும் மாதங்கள் முழுக்க அவளுக்குத் துணை மற்ற மாலுமிகளின் மனைவியர் மட்டுமே. மூன்றாண்டு போஸ்டிங்கில் தாயாரை ஒரே ஒரு முறை பார்த்தவர்கள் அங்கே உண்டு. கொச்சியில் கடற்படையின் சஞ்சீவனி மருத்துவமனையில் பிரசவ வலியோடு சேர்க்கப்படும் பெண்ணுக்குப் பக்கத்தில் மறுநாள் காலைக்குள் அம்மா வந்து நின்றுவிடுவார். ஊர் பார்க்க வந்த மாமியார் மூன்று மாதம் தங்கிப் பேரனைக் குளிப்பாட்டி விடுவார். அப்படித் தங்குகிறவரை விருந்தாளி என்று சொல்வதே பொருந்தாது. கூட்டமும் தொல்லையும் எந்த வழியாக வருகிறதோ அதே வழியாகத்தான் துணையும் வருகிறது. யோகோசுகாப் பெண்ணுக்குத் திட்டமிட முடிகிறது, இவளுக்கு ஆள்பலம் கிடைக்கிறது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால் கொச்சிதான் என்பேன். ஆனால் இங்குள்ள பெண் அதற்குக் கொடுக்கும் விலை தேவைக்கு மேல் அதிகம். அதில் பெரும்பகுதியை உறவினர்கள் நினைத்தால் குறைக்கலாம்.

ஆகவே கொச்சிக்கோ விசாகப்பட்டினத்துக்கோ கார்வாருக்கோ கடற்படை வீட்டுக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பல் எப்போது வரும் என்று அவளிடம் கேட்காதீர்கள். எப்போது வந்தால் உனக்கு உதவியாக இருக்கும் என்று கேளுங்கள், அந்தத் தேதிக்கு டிக்கெட் எடுங்கள், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து அவளிடம் சொல்லிவிடுங்கள். கேன்டீன் பட்டியல் வேண்டாம். ஆதாரை மறக்காதீர்கள். மட்டாஞ்சேரிக்கு வழி கேட்டுக்கொண்டு நீங்களே போய் வாருங்கள், குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். அந்த ஒரு பகலாவது அவள் தூங்கட்டும்.